ஒரு வாய்த் தண்ணீர்

குளத்தங்கரை மடத்து நல்லபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு உலகம்மாளுக்கு நாற்பத்தைந்துதான். குரு தன்னைவிட இளையவர் என்பது நல்லபெருமாளை ஒருநாளும் உறுத்தியதில்லை. உறுத்தியது வேறொன்று.

இருபது வருடமாகக் குளத்து மடைச் சாவி அவர் தோளில்தான் கிடந்தது. முழங்கை நீள இரும்புச் சாவி. மூன்று ஊர் வயலுக்கும் எப்போது தண்ணீர், எத்தனை நாள் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். நியாயமான மனிதர். ஊரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இந்த ஐப்பசியில் குரு உலகம்மாள் அம்மா, "ஊர்த் தண்ணியை ஊரே பார்த்துக்கிடட்டும். சாவியைக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டு வந்த அன்று நல்லபெருமாள் சாப்பிடவில்லை.

தை பிறந்ததும் பேச்சித்தாய் மடத்துக்கு வந்தாள். குளத்துத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் அவளுக்கு அரை ஏக்கர் உண்டு. வேறு எதுவும் கிடையாது. கையில் ஒரு பிடி நெற்பயிர் வைத்திருந்தாள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் இலை சுருண்டிருந்தது.

"பதினோரு நாளாச்சு சாமி. வாய்க்கால்ல ஈரங்கூட இல்ல. ஆவுடையப்பன் குளத்தை ஒட்டின தலைமடையிலயே தண்ணியைத் தன் வயலுக்குத் திருப்பிக்கிடுதாரு. நீங்களே சாவியை வாங்கிக்கிடுங்க. உங்க காலத்துல நாங்க ஒரு நாள் காஞ்சதில்ல."

கடைசியாக அவள் சொன்னது நல்லபெருமாளுக்கு இனித்தது. அந்தப் பயிரைப் பார்த்துக்கொண்டே இனித்ததில் வெட்கமாகவும் இருந்தது.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நல்லபெருமாள் போய் எதிரில் நின்றார்.

"குடுத்தது தப்பாப் போச்சும்மா. அவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியல."

"சாவியை யார் கையில குடுத்தீங்க?"

"ஆவுடையப்பன் கையில. பெரிய வீடு. பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

"ஊரைக் கேட்டீங்களா?"

அவர் கீரைக் காம்புகளைப் பார்த்தார்.

"அஞ்சு நாளைக்கு மட்டும் திரும்ப வாங்கிக்கிடுதேன். பேச்சித்தாய் பயிரைக் காப்பாத்திட்டுக் குடுத்துருதேன்."

"குடுத்துருவீங்களா?"

நல்லபெருமாளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"பேச்சித்தாயே ஊரைக் கூட்டட்டும், இப்பவே" என்றார் அம்மா. "நீங்களும் போங்க. உட்காருறதுக்கு முன்னால ஒரு வாய் தண்ணி எடுத்துக்கிடுங்க. கூட்டம் முடியுற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

"பயிரு காயுதும்மா."

"தெரியும். எனக்கும் வயிறு எரியுது. போயிட்டு வாங்க."

ரேஷன் கடை வாசலில் மூன்று ஊர்க்காரர்களும் கூடினார்கள். எல்லோரும் முதலில் பார்த்தது நல்லபெருமாளைத்தான். "சாமி சொல்லட்டும், கேட்டுக்கிடுவோம்" என்றார் ஒருவர். சாமி கன்னம் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தார். பல்வலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரே கூச்சல். ஆவுடையப்பன், "நான் பிந்தி நட்டேன். எனக்கு இன்னும் நாலு நாள் வேணும்" என்றார். இதற்குச் சரியான பதில் நல்லபெருமாளின் தொண்டை வரை வந்தது. வாயில் தண்ணீர் இருந்தது. யாராவது அதைச் சொல்வார்களா என்று சுற்றிப் பார்த்தார். தாடை வலித்தது.

பேச்சித்தாய் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. இத்தனை வருடமும் அவளுக்காகப் பேச நல்லபெருமாள் இருந்தார்.

"சாவி தலைமடையில இருந்தா தண்ணி எப்படிக் கீழ வரும்?" ஆவுடையப்பனைப் பார்த்தே கேட்டாள். "யாரு வயலுக்குக் கடைசியாத் தண்ணி வருதோ அவுங்க வீட்டுல சாவி இருக்கட்டும். எல்லார் வயலையும் தாண்டித்தானே எங்களுக்கு வரணும்? அங்க வந்து நனைஞ்ச பெறகு மடையை அடைப்போம்."

நடுமடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். தலைமடையிலேயே இரண்டு பேர் தூக்கினார்கள். ஆவுடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாவியை எடுத்து வந்து பேச்சித்தாயிடம் கொடுத்தார். அதன் கனம் தெரியாமல் அவள் ஒரு கையால் வாங்கி, சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பயிரில் பாதி கருகினது கருகினதுதான். மீதி நிமிர்ந்துவிடும் என்றாள் பேச்சித்தாய்.

நல்லபெருமாள் மடத்துக்குத் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இருபது வருஷம் சாவி வச்சிருந்தேன். இது எனக்குத் தோணலையேம்மா."

"காஞ்சது உங்க வயல் இல்லையே."

"அடுத்த வருஷம் வேற ஏதாவது தப்புப் பண்ணுவாங்க."

"பண்ணுவாங்க. திரும்பவும் கூடுவாங்க."

அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுமையாக இருந்த தோளைத் தடவிக்கொண்டார்.

"இனிமே நான் அவங்களுக்கு என்ன செய்ய?"

அம்மா அவரைப் பார்த்தார்.

"வாய்த் தண்ணியை எங்க விட்டீங்க?"

"கூட்டம் முடிஞ்சதும் பேச்சித்தாய் கூடவே வயலுக்கு நடந்தேன். துப்பணும்னே ஞாபகமில்ல. அவ வரப்பு ஓரத்துலதான் விட்டேன்."

"இத்தனை வருஷத்துல அவ வயலுக்கு நீங்க விட்ட தண்ணியில" என்றார் அம்மா, "அதுதான் நல்ல தண்ணி."