பாயில் ஐந்தாவது இடம்

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் சின்ன விஷயங்களையும் விடாமல் கேளுங்கள்.

அருப்புக்கோட்டையில் பூரணம் என்றொருத்தி தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றாள். கணவன் இறந்தபின் வீட்டில் அவளோடு பேச யாரும் இல்லை. வண்டிக்கு வருகிறவர்களும் "ஒண்ணு குடுங்க" என்பதற்குமேல் பேசுவதில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது செவ்வாய்க்கிழமை மகளிர் குழுவில் மட்டும்தான்.

குழுவில் ஐந்து பேர். தலைவி ஜெயசுந்தரி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். குழுவின் பேரில் வங்கி கடன் கொடுக்கும்; வாராவாரம் ஐவரின் தவணையும் சேரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. கடனைச் சொன்ன தொழிலுக்கே போட வேண்டும்; மற்ற நால்வரும் மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, 'பார்த்தோம்' என்று தாளில் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னவளுக்குக் குழுவில் இடமில்லை. கடனை அடைத்துவிட்டு மறுபடி வாங்காதவளுக்கும் இடமில்லை.

பூரணம் முதல் கடனில்தான் அந்த வண்டியை வாங்கினாள். வியாபாரம் நன்றாக நடந்தது, கடனும் அடைந்தது. அதற்குமேல் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் இன்னொரு வண்டி வாங்குவதாகச் சொல்லி இரண்டாவது கடன் எடுத்தாள். அந்த நோட்டுக் கட்டைப் பிரிக்கவே இல்லை. தவணையைப் பருத்திப்பால் வருமானத்தில் கட்டினாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் போகுமிடமெல்லாம் கட்டு அவள் பையிலேயே இருந்தது. மாதம் தவறாமல் அவள் பெயருக்கு நேரே நான்கு கையெழுத்தும் விழுந்தன.

ஆறாம் மாதம், ஐவரில் ஒருத்தியான தையல்கடை முத்துப்பேச்சி டைபாய்டில் படுத்து எழுந்தாள். அவள் வராத நாலு வாரத் தவணை நின்றுபோயிருந்தது; அதுவரை பொறுத்த வங்கிக்கு இன்று மொத்தமும் கட்டியாக வேண்டும். அவளுக்காகப் போட மற்றவர்களிடமும் இல்லை.

"மெஷினை வித்துருறேன் மதினி. வாங்குற ஆளு வாசல்லதான் நிக்காரு," என்றாள் ஜெயசுந்தரியிடம்.

பூரணம் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டுக் கட்டை எடுத்தால் தன் இடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு எடுத்தாள்.

"அத வித்துட்டு நாளைக்கு எதுல தைப்ப பேச்சி? இந்தா, தவணையக் கட்டு. முடிஞ்சப்ப குடு."

வங்கியின் காகிதப் பட்டை தேதி முத்திரையோடு அப்படியே இருந்தது.

"என்னடி, ஆறு மாசமா அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் பாத்தியாக்கும்?" என்று ஒருத்தி சிரித்தாள். ஜெயசுந்தரி சிரிக்கவில்லை.

"அப்ப அந்த ரெண்டாவது வண்டி?"

"வாங்கல மதினி."

"பெறகு எதுக்குக் கடன்?"

"கடன் இல்லாதவளுக்குப் பாய்ல எடமில்லையே."

ஜெயசுந்தரி குழு நோட்டை விரித்து, விதிப்படி பூரணத்தின் பெயரை அடித்தாள். நால்வரும் கையெழுத்திட்டார்கள். பூரணத்தின் பணத்தில் தவணை கட்டிய பேச்சியும், தலைமேல் இருக்கும் கடனுக்குப் பயந்து, நிமிராமல் போட்டாள். பூரணம் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக நடந்தாள்.

பொய் சொல்லி வாங்கிய பணத்தால் இன்னொருத்தியின் பிழைப்பைக் காத்தாள் ஒருத்தி. விதியைக் காத்தாள் ஒருத்தி. உதவியவளை எதிர்த்துக் கையெழுத்திட்டாள் ஒருத்தி. சொல்லுங்கள், அந்தப் பாயில் நியாயமாக நடந்தவள் யார்?

விடை: பூரணம் வாங்கியது தவறு, கொடுத்தது சரி; என்ன இழப்போம் என்று தெரிந்தே கொடுத்தாள். பேச்சி பயந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரை அடிக்க ஜெயசுந்தரிக்கு உரிமை இல்லை. இல்லாத வண்டியைப் 'பார்த்தோம்' என்று ஆறு மாதம் கையெழுத்திட்டவர்களில் அவளும் ஒருத்தி. பொய்க்குத் தண்டனை என்றால் பாயில் யாருமே மிஞ்சமாட்டார்கள். முதல் கடன் காலத்திலேயே அவர்களில் ஒருத்தியாவது மாதம் ஒருமுறை பூரணத்தின் வீடு வரை நடந்து போயிருந்தால், இரண்டாவது கடன் அவளுக்குத் தேவைப்பட்டே இருக்காது.