நங்கையின் வரிசை

"சொல் இல்லாத இடத்தில் எண்ணம் எப்படி இருக்கும், அடிகளே?"

அறவாழி இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. வழக்காகக் கொண்டுவந்திருந்தார்.

இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். நாற்பது வயதில் துறவு நாடிக் குன்றின் மேலிருந்த துறவியர் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளியின் தலைவி நாகமதி என்னும் பெண் துறவி, அவரைவிட இளையவர்.

வழக்கு நங்கையின் மேல். மருந்தறையைப் பார்த்துக்கொள்பவள் அவள். பிறவியிலேயே காது கேளாது. பேச்சும் வரவில்லை.

"மருந்துச் சாடிகளைக் கண்டபடி வைத்திருக்கிறாள். நான் அகர வரிசையில் அடுக்கினேன். மறுநாளே கலைத்துவிட்டாள். மறுபடி அடுக்கினேன். மறுபடி கலைத்தாள்."

"மூன்றாம் முறை?"

"ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலை கட்டினேன். அத்தனையையும் அவிழ்த்து அடுப்பில் போட்டாள்."

"கோபமாகவா?"

"நிதானமாக. ஒவ்வொன்றாக. என்னைப் பார்த்துக்கொண்டே."



"உனக்கு என்ன வேண்டும்?"

"அவளை அங்கிருந்து மாற்றுங்கள். பெயர் தெரியாதவளுக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரியாதவள் கையில் மருந்து இருக்கக் கூடாது."

"பத்து நாள் உன் வரிசை இருக்கட்டும். பிறகு பேசலாம்."

அன்றே சாடிகள் இடம் மாறின.

நங்கை இம்முறை எதையும் தொடவில்லை. வெளியே போய், மருந்தறைக்கு முதுகைக் காட்டிப் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட வந்தாள். சுக்கு கொடுத்தால் இடித்தாள். அந்த அறைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை.

அறவாழிக்கு அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது.

ஆறாம் நாள் முற்பகல், கல்தச்சன் சேந்தனை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். உளி தவறிக் காலில் பாய்ந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை.

அறவாழி படிகாரத்தைத் தேடினார். பகரத்தில் இருந்தது. எடுத்தார்.

அடுத்து? கடுக்காய். அறையின் அந்தக் கோடிக்கு ஓடினார். பிறகு மஞ்சள். இந்தக் கோடிக்கு வந்தார். வேப்பெண்ணெய்க்கு இன்னும் அப்பால் ஓடினார். திரும்பியபோது படிகாரத்தை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோயிருந்தது.

"சாமி, சீக்கிரம்," என்றான் தூக்கி வந்தவர்களில் ஒருவன்.

எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. எதன் பின் எது என்பதுதான் தெரியவில்லை.

தோளால் யாரோ அவரை ஒதுக்கினார்கள்.

நங்கை.

நான்கு சாடிகளையும் அள்ளிவந்து மடிக்கருகே வைத்துக்கொண்டாள். சேந்தனின் காலை உயர்த்தினாள். துணியை வைத்து அழுத்தினாள். பிறகு அவள் கை ஒவ்வொரு சாடிக்கும் போய்வந்தது, கண் காயத்தை விட்டு விலகாமலே.

ரத்தம் நின்றது. சேந்தன் தண்ணீர் கேட்டான்.

நங்கை எழுந்தாள். நான்கு சாடிகளையும் ஒரே அலமாரித் தட்டில், பக்கத்தில் பக்கத்தில், 'டங்' 'டங்'கென்று வைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிராது. மற்ற எல்லாருக்கும் கேட்டது.

பிறகு தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அறவாழியைப் பார்த்தாள்.

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வாசலில் நாகமதி நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

"அடிகளே, கூடி வேலை செய்பவற்றைக் கூட்டி வைத்திருந்திருக்கிறாள். சொல்லே இல்லாமல் இதெல்லாம் இவள் மனத்தில் எப்படி நிற்கிறது?"

"சொல் இல்லை என்று யார் சொன்னது?"

நாகமதி நங்கையின் பக்கம் திரும்பி விரல்களை அசைத்தார். நங்கை பதிலுக்கு அசைத்தாள். இருவர் கைகளும் விறுவிறுவென்று ஓடின. ஓரிடத்தில் நங்கை நாகமதியின் விரலைப் பிடித்து வளைத்துவிட்டாள்.

இதை அறவாழி இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். 'வா', 'போ', 'சாப்பிடு' என்பதற்கு மேல் அதில் ஏதும் இருக்குமென்று நினைத்ததில்லை.

"எப்போது இவளுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்?"

"நானா? ஒன்பது வருஷமாக இவளிடம் படிக்கிறேன். இப்போதுகூட ஒரு பிழையைத் திருத்தினாள்."

நங்கை மறுபடி ஏதோ சொன்னாள். நடுவில், இடது உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு, வலக்கை விரல்களை வாய்க்கு முன்னால் படபடவென்று திறந்து மூடினாள்.

வாசலில் கூடியிருந்த துறவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"அது என்ன சொல்?" என்றார் அறவாழி.

"உன் பெயர்."