தாளாளர் ஓடிய சுற்று

பள்ளிக்கூடம் தன் சொந்தக் காசில் கட்டியது என்பதால், தாளாளர் நாச்சிமுத்து வைத்ததுதான் அங்கே சட்டம். ஆண்டுவிழாவில் அறிவியல் டீச்சர் மல்லிகேஸ்வரி பிள்ளைகளை வைத்து ஓர் ஆக்சிஜன் அணுவையே மேடையேற்றியிருந்தாள். நடுவில் சிவப்புச் சட்டையில் எட்டு புரோட்டான்கள் நிற்கும்; நீலச் சட்டையில் எட்டு எலக்ட்ரான்கள் சுற்றி ஓடும்.

திரை விலகப்போகும் நேரத்தில் தாளாளர் வந்து குதித்தார்.

"என் பேரன் நாய்க்குட்டியாட்டம் ஓடுறதா? நடுவுல நிறுத்து, போட்டோவுல விழட்டும். அங்கே நிக்கிற அந்தச் செவப்புச் சட்டைப் புள்ளைய இறக்கிவிடு."

"அவன் இடத்துல அவளை ஓட வைக்கட்டுங்களா?"

"சொன்னதைச் செய். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே."

"ஆகட்டுங்க ஐயா."

சிறுமி இறங்கினாள், பேரன் ஏறினான், தாளாளர் முன்வரிசை சோபாவில் சாய்ந்தார். டீச்சர் மைக்கைப் பிடித்தாள்.

"அணுவுல பிளஸ்ஸும் மைனஸும் சமமா இருக்கோணும். இங்கே ஒரு எலக்ட்ரான் குறையுது. குறைஞ்ச அணு சும்மா இருக்காதுங்க, பக்கத்துல இருந்து ஒண்ணை இழுத்துக்கும். மேடைக்குப் பக்கத்துல இருக்கிறது நம்ம ஐயாதான். வாங்கய்யா!"

கைதட்டல் காதைப் பிளந்தது. வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாளாளர் ஓடினார். ஊரே சிரித்தது. கீழே இறங்கி நின்ற சிவப்புச் சட்டைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் முகம் அவர் கண்ணில் பட்டது.

பேரன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். "தாத்தா, எனக்கு ஓடத்தான் பிடிக்கும். நீங்க இறங்கிட்டு அவளைக் கூப்பிடுங்க."

கூப்பிட வாயைத் திறந்தவருக்கு அவள் பெயர் தெரியவில்லை.