இமைக்க மறுத்தவர்

நாச்சிமுத்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போன பிறகு குன்றின்மேல் இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய குரு வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

மடத்தில் ஒரு பயிற்சி உண்டு. அகல்விளக்கின் சுடரை இமைக்காமல் பார்த்திருப்பது. கண்புரை மூடியிருந்த காலமெல்லாம் அவருக்குச் சுடர் வெறும் மஞ்சள் கறை. அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி விளக்கின் முன் உட்கார்ந்த அன்று மனிதர் மிரண்டே போனார். சுடரின் அடியில் நீலம் இருந்தது. நுனி நடுங்கியது. இத்தனை அழகையா இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தோம் என்று வாய்விட்டே சொன்னார்.

அன்றிலிருந்து இமைப்பதை விட்டார். கண் காயாமல் இருக்க டாக்டர் தந்த சொட்டு மருந்தையும் நிறுத்தினார். பரவசத்தில் கண்ணீர் தானாக வருமாம், மருந்துச் சொட்டு எதற்காம்!

வந்தது எரிச்சல்தான். மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. சுடர் மறுபடி கலங்கியது. கிடைத்த பார்வை கைவிட்டுப் போகிறதென்று பயந்து குருவிடம் ஓடினார்.

“எரியுதுங்கம்மா. என் பக்தி வத்திப்போச்சுங்களா?”

“வத்துனது கண்ணு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

டாக்டர் பார்த்தார். “ஆபரேஷன் பண்ணுன இடம் நல்லா ஆறியிருக்கு. கண்ணுதான் காஞ்சு கிடக்கு. மருந்தை நிறுத்தாதீங்க. அடிக்கடி இமைங்க” என்றார்.

மடம் திரும்பியதும் விளக்கின் முன்னால் அவரை உட்கார வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, குருவே சொட்டு விட்டார்.

“மூடுங்க.”

மூடினார்.

“திறங்க.”

சுடர் தெளிந்து நின்றது. நாச்சிமுத்து கைகூப்பினார். கூப்பிய கையோடு மறுபடி விழித்தபடியே இருந்தார்.

“இமைங்க.”

“மனசு வரலீங்கம்மா.”

“ஏன்?”

“லாரியில ஒரு நொடி கண்ணை மூடுனா எல்லாம் போச்சுங்க. அந்தப் பயம் போகல. நான் மூடுற நேரத்துல இதுவும் இல்லாமப் போயிருமோன்னு இருக்குதுங்க.”

“லாரி நீங்க பாத்து ஓட்டுனதால ஓடுச்சு” என்றார் வடிவம்மை. “இது நீங்க பாக்கறதாலயா எரியுது?”