தரையில்லாத எட்டு வீடுகள்

பறவைகள் பேசிக்கொண்டும் எல்லை பிரித்துக்கொண்டும் வாழ்ந்த அந்தக் காலத்தில், எந்த ஊரிலும் சேராத பனைமரம் ஒன்று இருந்தது. அதற்குக் கிழக்கே குளக்கரை மருதமரத்தில் மைனாக்களின் ஊர். மேற்கே புளியமரத்தில் காக்கைகளின் ஊர். நடுவில் கல்லும் கரம்புமாகக் கிடந்த நிலத்தில் ஒரு பழைய கிணறு. கிணற்றின் மேல் சாய்ந்தபடி அந்தப் பனை. மருத ஊரின் எல்லை கிணற்றுக்கு இந்தப் பக்கம் முள்வேலியோடு முடிந்தது. புளிய ஊரின் எல்லை அந்தப் பக்கம் வண்டித்தடத்தோடு முடிந்தது. இடையில் இருந்த நிலத்தை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. கொண்டாடும்படி அங்கே எதுவும் விளையவில்லை.

அந்தப் பனையில் பன்னிரண்டு தூக்கணாங்குருவிக் குடும்பங்கள் குடியிருந்தன. வடக்கே எங்கோ பஞ்சம் வந்து, பிழைக்க வந்தவை. ஓலை நுனிகளில் புல்லால் வீடு பின்னித் தொங்கவிட்டிருந்தன. பெரியவர்கள் இருபத்து நான்கு பேர். முட்டைகளின் தொகையை மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காலையில் ஒன்று இருக்கும், மாலையில் குறைந்திருக்கும். காரணம், காக்கைகள்.

குருவிகளில் மூத்தவன் ஓலையப்பன். அவன் வீட்டைக் கிழித்து மூன்று முட்டைகளையும் காக்கைகள் எடுத்துப்போன மறுநாள், அவன் புளியமரத்துக்கே போய்க் காக்கைகளின் தலைவர் கருமலையைப் பார்த்தான்.

"மருதமரத்துல போயி முட்டை எடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"அது ஊருப்பா. அங்க எடுத்தா திருட்டு."

"எங்க மரத்துல எடுத்தா?"

"உங்க மரம் எந்த ஊரு?"

 கருமலை அதைக் கோபமாகக் கேட்கவில்லை. "வெட்டவெளியில கெடக்கிறத எடுக்கிறோம், அவ்வளவுதான். மனசுல வச்சுக்காத தம்பி. உன் வீட்டுக்காரி நல்லா இருக்காளா?" என்று விசாரித்தார்.

ஓலையப்பன் மைனாக்களிடம் போனான். அவை, அந்தக் கிணறு புளிய ஊரைச் சேர்ந்தது, அங்கே கேள் என்றன. கடைசியாக அவன் கரிச்சானிடம் போனான். கரிச்சான் உருவத்தில் சின்னது; வால் இரண்டாகப் பிரிந்த கறுப்புக் குருவி. ஆனால் அது சீறிக்கொண்டு வந்தால் பருந்தும் காக்கையும் திரும்பிப் பார்க்காமல் ஓடும். அந்த நாட்களில் ஊர் ஒன்றுக்கு ஒரு கரிச்சான் காவல் இருந்தது.

"ஊருன்னு ஆயிட்டா ஒருத்தரை அனுப்புவாங்க. நானே கூட வருவேன்," என்றது கரிச்சான்.

"யாரு ஆக்கணும்?"

"கூழைக்கடா ஐயா. மழைக்கு முன்னால எண்ணுறதுக்கு வருவார். இருபது கூரை இருந்தா ஊரு. பத்தொன்பது இருந்தா வெறும் மரம்."

"கூரையையா எண்ணுவார்?"

"அவர் உடம்புக்குப் பனையோலையில உட்கார முடியுமா? மேலேயே ரெண்டு சுத்து சுத்துவார். என்ன தெரியுதோ அதை எண்ணிக்கிட்டுப் போவார்."

ஓலையப்பன் மரத்துக்குத் திரும்பியபோது அவன் மனைவி சிட்டாயி மறுபடி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் மூன்று. அவள் கூட்டிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"எட்டு வீடு குறையுது."

"எட்டு வீட்டுக்கு ஆளுக்கு எங்க போறது?"

"ஆள் வேண்டாம். கூரை போதும்."

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு முழு வீடுகள் பின்ன நாளும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பசும்புல்லும் இல்லை. அதனால் ஆண்கள் கூரையை மட்டும் பின்னினார்கள். ஓலையில் முடிச்சுப் போட்டு, வளையம் கட்டி, மேல்பாதியைக் கவிழ்த்த சட்டி போல இறக்கினார்கள். நடுவில், உட்காருவதற்கு ஒரு குறுக்குக் கட்டு. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடியில் ஒன்றும் இல்லை. கீழிருந்து பார்த்தால் ஓட்டை வழியே கூரையின் உட்புறம் தெரிந்தது.

"தரை இல்லாத வீட்டுல யாரு குடியிருப்பா?" என்றாள் சிட்டாயி.

"யாரும் இல்ல. அதனாலதான் தரை போடல."

பை தொங்கும் நீண்ட அலகோடு, பெரிய நீர்ப்பறவையான கூழைக்கடா வந்தார். அடிவயிற்றில் வெயில் பட, பனைக்கு மேலே இரண்டு முறை வட்டமடித்தார். பன்னிரண்டு குடும்பங்களும் ஓலைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. காற்று அடித்து ஒரு கூடு சற்றே திரும்பினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். காற்று அடிக்கவில்லை. "இருபது," என்று மேலிருந்து குரல் வந்தது. "ஊருக்குப் பேரு என்ன?"

பேரைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. "கிணத்துப்பனை," என்றான் ஓலையப்பன். கூழைக்கடா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே கரிச்சான் வந்து கிணற்றோரம் இருந்த உடை என்ற முள்மரத்தில் இடம் பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் வழக்கம்போல இரண்டு காக்கைகள் வந்தன. கரிச்சான் ஒன்றின் முதுகில் ஏறி உட்கார்ந்து கொத்தியபடியே வண்டித்தடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியது. தடத்துக்கு அப்பாலிருந்து கருமலை கூப்பிட்டுச் சொன்னார்: "ஊராயிட்டீங்களாமே தம்பி. சந்தோஷம்."

அன்று சிட்டாயி முதன்முறையாகக் கண்ணை மூடி அடைகாத்தாள். ஓலையப்பனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. கரிச்சான் எப்போது அண்ணாந்து பார்க்கும் என்பதே அவன் நினைப்பாக இருந்தது. பார்த்தால் போய்விடும். போய்விட்டால் அடுத்த பொழுதில் காக்கைகள் வரும். கரிச்சான் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பறந்து காட்டினான். பொய் வீடுகளுக்குள் முறை வைத்து ஆட்களை அனுப்பி, புருஷன் பெண்டாட்டி சண்டை போல இரைச்சல் போடச் சொன்னான்.

"நேத்து நீ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்கு நெசமாவே ஆள் வந்துட்டதுன்னு நினைச்சேன்," என்றாள் சிட்டாயி. "சாப்பிடு. ரெண்டு நாளா நீ ஒரு தானியம் தொடல."

"எட்டையும் முடிச்சிட்டா சாப்பிடுறேன்."

ஆனால் முடிக்க முடியவில்லை. கரிச்சானின் கண்ணெதிரே எட்டு வீடுகளுக்குத் தரை போட்டால், இத்தனை நாள் தரை இல்லாமல் இருந்தது தெரிந்துவிடாதா? அந்த யோசனையிலேயே நாள் கழிந்தது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. இருபது வீடுகள் கொண்ட ஊர், காவல் உள்ள ஊர், தண்ணீர் பக்கத்தில். அதைக் கேட்டு, மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில் ஒரு பெண்குருவி தனியாக வந்து சேர்ந்தாள். பெயர் மருக்கொழுந்து. அவள் இருந்த நாணல் காட்டை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. புருஷனையும் கொண்டுபோயிருந்தது. அவள் இறங்கி உட்கார்ந்த விதத்திலேயே வயிற்றில் முட்டை இருப்பது தெரிந்தது. அவள் நேரே காவலிடம் போய்க் கேட்டாள்.

"காலி வீடு ஏதாவது இருக்குங்களா?"

"இருபது வீடு. பன்னிரண்டுலதான் புழக்கம். மூத்தவரைக் கேளு தாயி," என்றது கரிச்சான்.

ஓலையப்பன் அதற்கு மேலே பனையோலையில்தான் இருந்தான்.

"இருக்கு," என்றான். "ஆனா பழுது. ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டா..."

"ரெண்டு நாள் இல்லைங்கண்ணே. ரெண்டு நாழிகை கூட இல்ல."

"பக்கத்துல மருதமரம் இருக்கு..."

"அங்கதான் முதல்ல போனேன். மைனா ஊருல குருவிக்கு இடமில்லைன்னுட்டாங்க."

ஓலையப்பன் சிட்டாயியைப் பார்த்தான். அவளுக்கு அடியில் இருந்த மூன்று முட்டைகளுக்கு மேல் அந்த வீட்டில் இடமில்லை. மற்ற வீடுகளிலும் அதே கதை. அவன் முள்வேலிக்கு அப்பால் இருந்த வயல்வரப்புக்குப் பறந்தான். புல்லைக் கிழித்துக்கொண்டு வந்தான். கடைசியாகத் தொங்கிய பொய் வீட்டின் அடியில் ஒரு சுற்றுப் பின்னினான். திரும்பவும் பறந்தான்.

கரிச்சான் பார்த்துக்கொண்டே இருந்தது.

"என்ன வேலை நடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. ஒழுகுது. அடைக்கிறேன்."

"ஒழுகினா கூரையையில்ல அடைக்கணும்?"

ஓலையப்பனின் அலகிலிருந்து புல் நழுவிக் கிணற்றில் விழுந்தது. சிட்டாயி தன் வீட்டிலிருந்து வேறு எதையோ கேட்டுப் பேச்சை மாற்றினாள். முதல் தூறல் விழுந்தது. மருக்கொழுந்து அதற்கு மேல் வெளியே இருக்க முடியாமல் கூட்டுக்குள் ஏறிக் குறுக்குக் கட்டில் உட்கார்ந்தாள். அடியில் ஒரே ஒரு வரிசைப் புல் ஓடியிருந்தது. மூன்று வரிசை வேண்டும், அதன் மேல் மண் அப்பவேண்டும். மழை இருட்டில் ஒரு வரிசையும் தரை போலத்தான் தெரிந்தது. தொங்குகிற வீட்டுக்குத் தரை இருக்கும் என்பதை அந்த நாள் வரை எந்தக் குருவியும் சோதித்துப் பார்த்ததில்லை. அவளுக்கு மட்டும் ஏனோ ஒரு சந்தேகம்.

"அண்ணே, இது தாங்குமா?"

கரிச்சான் உடைமரத்திலிருந்து இரண்டு ஓலைக்குக் கீழே வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தாங்காது என்று சொல்லவேண்டும். சொன்னால், ஏன் தாங்காது என்று காவல் கேட்கும். காவல் போய்விட்டால் பன்னிரண்டு வீட்டு முட்டைகளும் போகும். அவளிடம் காதோடு சொல்லலாம் என்றால் மழையில் சத்தமாகத்தான் பேசவேண்டியிருந்தது.

"தாங்கும்," என்றான் ஓலையப்பன்.

சொல்லிவிட்டு உடனே புல்லுக்குப் பறந்தான். இன்னும் ஒரே ஒரு வரிசை. அதைப் போட்டுவிட்டால் ஓரளவு தாங்கிவிடும் என்று அவன் நினைத்தான். வரப்பில் ஈரப் புல் அலகில் வழுக்கியது. நாலு இழை சேர்ப்பதற்குள் மழை வலுத்துவிட்டது.

அவன் திரும்பி ஓலையைப் பிடித்தபோது புல்லிழை விடுபடும் ஓசை கேட்டது. அடுத்து கிணற்றுக்குள் சின்னதாக ஒரு சத்தம். மழைத்துளி விழுகிற சத்தத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மரத்தில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

மருக்கொழுந்து ஓட்டை வழியே தலையை நீட்டித் தண்ணீரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தாங்கும்னு சொன்னீங்களே அண்ணே," என்றாள்.

கரிச்சான் மேலே பறந்து வந்து பக்கத்து ஓலையில் உட்கார்ந்தது. "தரை போடாத வீட்டையா அந்தப் பிள்ளைக்குக் குடுத்த?"

ஓலையப்பனின் அலகில் இன்னும் அந்த நாலு இழையும் இருந்தன. கீழே போட்டான். "உண்மையைச் சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"நான் எங்கப்பா போவேன்? வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். உங்களுக்குக் கீழதானே உட்கார்ந்திருக்கேன். எட்டு வீட்டுலயும் கூரையோட உள்பக்கம் தெரியுது."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"என்னை என்ன எண்ணவா அனுப்பினாங்க? எண்ணுறது அவர் வேலை. இருபதுன்னு சொல்லிட்டார். அவரா வந்து மாத்துற வரைக்கும் இது ஊருதான். நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே தரை போட்டு முடிச்சிருக்கலாம்."

 மழை பெய்துகொண்டே இருந்தது. சிட்டாயி தன் மூன்று முட்டைகளை இன்னும் நன்றாக மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் மருக்கொழுந்து போய்விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் போகவில்லை. போக வேறு இடமும் இல்லை. அடுத்த முட்டைக்கு அவள் உடம்பு தயாராகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கூடாக ஏறினாள். உள்ளே தொங்கிக்கொண்டு அலகால் இழையைக் கவ்வி இழுத்தாள். முடிச்சை ஆட்டினாள். குறுக்குக் கட்டில் குதித்துப் பார்த்தாள். ஆட்கள் குடியிருந்த வீடுகளையும் விடவில்லை. சிட்டாயி அடைகாத்திருந்த வீட்டை இழுத்துப் பார்த்தபோது சிட்டாயி விலகி இடம் விட்டாள். பிறகு அவளும் தன் பங்குக்கு இரண்டு இழையை இழுத்துப் பார்த்தாள்.

பொய் வீடுகளில் ஆறாவதில் முடிச்சு உறுதியாக இருந்தது. "இதுக்குத் தரை போடுங்க," என்றாள் மருக்கொழுந்து, ஓலையப்பனின் முகத்தைப் பார்க்காமல். "நான் இங்கதான் நிப்பேன்." ஓலையப்பன் மூன்று வரிசை போட்டு மண்ணும் அப்பினான். ஒவ்வொரு வரிசையையும் அவள் இழுத்துப் பார்த்தாள். அடுத்த முட்டை அதில்தான் விழுந்தது, அதிலேயே தங்கியது.

பெண்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் மற்ற மரங்களுக்கும் அந்தப் பேச்சு போயிற்று.

தூக்கணாங்குருவிகளிடம் அன்று தொடங்கிய வழக்கம்தான் இது. ஆண் பாதி வீட்டைக் கட்டியதும் நிறுத்திவிடுகிறது. பெண் வந்து உள்ளே ஏறி இழைகளை இழுத்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் மிச்சப் பாதி. பிடிக்காத கூடுகள் தரையில்லாமல் அப்படியே தொங்குகின்றன. எண்ணுகிறவர் எப்போது வருவார் என்று தெரியாததால் ஆண்கள் அவற்றைப் பிரித்துப் போடுவதும் இல்லை. பெண் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் ஆண் வெளியே ஓலையைப் பற்றிக்கொண்டு, கத்திக்கொண்டு, சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதை மகிழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.