சர்டிபிகேட் வாங்கின சுவர்

எங்கள் ஊர் கோணச்சுவர்ப்பட்டி. சுவர் கோணினதால் பேர் வந்ததா, பேர் வந்ததால் சுவர் கோணுகிறதா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. வீடு கட்டுகிறதும், கட்டின வீட்டை இடித்துத் திருத்துகிறதும் எங்கள் தொழில். இரண்டில் எது நடந்துகொண்டிருக்கிறது என்று பாதி நாள் எங்களுக்கே தெரியாது.

எங்கள் மேஸ்திரி சடையாண்டிக்குக் கலியாணம் கூடி வந்தது. பெண் செல்லக்கிளி. அவள் அப்பா கொப்பையா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"அனுபவசாலி மேஸ்திரிக்கெல்லாம் டவுன்ல சர்டிபிகேட் தர்றாங்களாம். அதை வாங்கிட்டு வந்தாத்தான் தாலி. இல்லேன்னா பக்கத்தூர் பெயிண்டருக்குக் கொடுத்திருவேன்."

மேஸ்திரி, அவர் கையாள் தவசி, நான், மூன்று பேரும் போனோம். சர்டிபிகேட் ஆபீஸ் ஒற்றை அறை. ஒரு வாசல், ஒரு ஜன்னல், வாசலைப் பார்த்தபடி ஒரு அதிகாரி.

"சின்ன வயசுலேர்ந்து கொத்துக்கரண்டி பிடிக்கிறோம் சார்," என்றார் மேஸ்திரி.

"வாயால சொன்னா ஆச்சா? நீங்க கட்டினதுல நல்லதா ஒண்ணை என் கண் முன்னாடி கொண்டாந்து வைங்க. பார்த்துட்டுத் தர்றேன்."

வெளியே வந்து கூடி யோசித்தோம்.

"போட்டோ எடுத்துட்டு வரலாமா?" என்றான் தவசி.

"போட்டோவை நாமளா கட்டினோம்? ஸ்டூடியோக்காரன்ல எடுப்பான்! சர்டிபிகேட் அவனுக்குப் போயிரும்," என்றேன். எங்களில் பத்தாவது வரை எட்டிப் பார்த்தவன் நான்தான். அதனால் யோசிக்கிற வேலை எப்போதும் என் தலையில்.

நாங்கள் கட்டியதில் நேராக நின்றது ஒன்றே ஒன்று, கொப்பையா வீட்டு அடுப்பங்கரைச் சுவர். அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அதைச் செங்கல் செங்கலாகப் பிரித்து டிராக்டரில் ஏற்றினோம். செல்லக்கிளி உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, திடீர்னு காத்து வருது?"

"நம்ம கலியாண வேலைதான் புள்ள," என்றார் மேஸ்திரி, வெட்கத்தோடு.

"வெளிச்சமாத்தான் இருக்கு," என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஆபீசுக்குத் திரும்பினால், அதிகாரி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் தூங்குகிறார்.

"கண் முன்னாடின்னாரே. கண்ணு எங்கே பார்க்குது?" என்று கேட்டார் மேஸ்திரி.

"மூடியிருக்குண்ணே," என்றான் தவசி.

"திறந்தா?"

"வாசலைப் பார்க்கும்."

கொண்டுவந்த செங்கலால் வாசலை அடைத்துச் சுவரைக் கட்டினோம். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டோம். அவர் தூக்கமும் எங்கள் சிமெண்ட்டும் ஒன்றாக இறுகின.

விழித்தவர் சுவரைத் தள்ளினார், உதைத்தார், ஸ்டூலால் இடித்தார். ஒரு பொட்டு உதிரவில்லை.

"என்னடா சுவர் இது, மலையாட்டம் நிக்குது!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களாடா? பாராட்டுறாரு."

முத்திரை குத்தின சர்டிபிகேட் ஜன்னல் கம்பி வழியே வந்தது. "இந்தாங்கடா! இப்ப இடிங்க சுவரை!"

நாங்கள் சிரித்துக்கொண்டோம். "இடிச்சா, எதைக் கட்டினதுக்கு சர்டிபிகேட்டுன்னு நீங்களே கேப்பீங்க சார். நாங்க ஏமாற மாட்டோம்," என்றேன்.

அதற்குள் கொப்பையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எங்கேடா என் சுவரு?"

"பாஸாயிருச்சு மாமா!" மேஸ்திரி சர்டிபிகேட்டை நீட்டினார்.

கொப்பையா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். மனசு இளகிவிட்டது. "எல்லாம் சரி மாப்பிள்ளை. ஆனா அடுப்பங்கரைச் சுவர் இல்லாம விருந்து எப்படி வைக்கிறது?"

"இனிமே இதை அசைக்கக் கூடாதே மாமா!"

பெயிண்டர் புது வேட்டி எடுத்துவிட்டதாக வேறு கேள்வி. மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சுவர் வீட்டுக்கு வரலைன்னா, வீடு சுவர்கிட்ட வரட்டுமே," என்றேன்.

மிச்ச வீட்டையும் பிரித்துக் கொண்டுவந்தோம். அந்தச் சுவரை அசைக்காமல், ஆபீசைச் சுற்றியே கட்டி, முகூர்த்தத்துக்குள் முடித்தோம். ஜன்னல் இப்போது கலியாணக் கூடத்தைப் பார்த்துத் திறந்தது.

"என்னை எப்படா வெளியே விடுவீங்க?" என்றார் அதிகாரி.

கொப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்குள்ளே இருக்கிறீங்க, அப்ப நீங்களும் பொண்ணு வீட்டுக்காரருதானே? பந்தியே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள கிளம்புறேங்கிறீங்க! வர்றவங்களை வாங்கன்னு கேளுங்க!"

சொன்னால் புரிந்துகொள்கிற மனுஷன். இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டி, "ஐயா, வாங்க! அம்மா, கொஞ்சம் இங்கே வாங்க!" என்று கடைசிப் பந்தி வரைக்கும் ஒருத்தர் விடாமல் கும்பிட்டுக் கூப்பிட்டார். அப்படி ஒரு வரவேற்பை எங்கள் ஊர்க் கலியாணத்தில் யாரும் பார்த்ததே இல்லை.