கருமுகில் தலையில் ஏறிய மண்

அந்தக் காலத்தில் யானைகளுக்கும் நம்மைப் போல வாய்ப்பேச்சு இருந்தது. மலையடிவாரத்து ஆற்றங்கரை ஒன்றில் கருமுகில் என்றொரு யானை இருந்தது. அந்த ஆற்றுக்குப் பாலம் கிடையாது. அக்கரைக்குப் போகிறவர்களைக் கருமுகில்தான் முதுகில் ஏற்றிக்கொண்டுபோய் விடும்.

நல்ல யானைதான். ஆனால் எதைப் பேசினாலும் முதல் சொல் ‘நான்’ என்றுதான் வரும். “நான் இறங்கினால் ஆறே ஒதுங்கி வழிவிடும்.” “நான் நிற்கிற இடத்தில்தான் நிழல் நன்றாக விழும்.” அதன் மேனியில் ஒரு தூசி ஒட்டக் கூடாது. ஏறுகிறவர்கள் காலைக் கழுவிவிட்டு, கரையிலிருந்த உயரமான திட்டின்மேல் நின்று, அங்கிருந்து நேராக முதுகுக்கு வர வேண்டும். தலையில் விரல்கூடப் படக் கூடாது. தலை என்றால் அதற்கு அப்படி ஒரு மதிப்பு.

அந்தக் கரையில் காத்தாயி என்பவள் வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தனியாள். கருமுகிலைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அவள்தான். அதனால் அதைத் திட்டும் உரிமையும் அவளுக்கு மட்டும் இருந்தது.

“உன்னைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ரேகையே போயிடுச்சு, ராசா. அந்த ‘நான்’ மட்டும் போக மாட்டேங்குதே” என்பாள்.

“அது எதுக்குப் போகணும், அக்கா? அது போயிட்டா நான் எங்கே இருப்பேன்?” என்று கருமுகில் காதை ஆட்டும்.

ஒரு ஐப்பசி மாதம், மழை கொஞ்சம் விட்டிருந்த காலைப்பொழுதில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். தில்லைநாயகம் என்ற சிவனடியார், சம்சுதீன் பாவா என்ற பக்கீர், சுமேதர் என்ற பௌத்தத் துறவி. வெவ்வேறு ஊர்களிலிருந்து கிளம்பி வழியில் ஒன்று சேர்ந்தவர்கள். அக்கரை ஊரில் விஷக்காய்ச்சல் பரவியிருந்தது. சுமேதர் மருந்து மூட்டை வைத்திருந்தார். மற்ற இருவரும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் புறப்பட்டவர்கள்.

கருமுகில் மூவரையும் பார்த்தது. முழங்கால்வரை சேறு. ஆற்றிலும் செம்மண் கரைத்துவிட்டதுபோலப் புதுவெள்ளம்.

“நான் இந்தத் தண்ணீரில் இறங்க மாட்டேன். தெளியட்டும், பார்க்கலாம்” என்றது.

காத்தாயி அவர்களை உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். “நல்லவன்தான், சாமி. இந்த ‘நான்’தான் அவனுக்கு வியாதி” என்று மெல்லச் சொன்னாள். யானையின் காதில் அது விழாமல் இருக்குமா?

“ஏன், உங்களுக்கெல்லாம் ‘நான்’ கிடையாதா?” என்று கருமுகில் கேட்டது.

“இல்லாமல் என்ன?” என்றார் தில்லைநாயகம். “ஆணவம் என்று சொல்வோம். செம்பில் களிம்பு போலக் கூடவே பிறந்தது. நானே தேய்த்தால் போகாதப்பா. சிவன் அருள் வரட்டும் என்று காத்துக் கிடக்கிறேன்.”

“நாங்கள் நஃப்ஸ் என்போம்” என்றார் பாவா. “அது பழகாத குதிரை. அடித்துக் கொல்லக் கூடாது, பழக்கி ஏறணும். இன்று காலையில்கூட என்னைக் கீழே தள்ளிவிட்டது. வழியில் ஒருத்தர் எனக்கு சலாம் சொல்லவில்லை என்று அப்படிக் கோபம் வந்தது.”

சுமேதர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார் என்றார் என் குரு. உடம்பில் தேடினேன், நினைப்பில் தேடினேன். அகப்படவே இல்லை.”

“அப்போ உங்களுக்கு நிம்மதி, சாமி” என்றாள் காத்தாயி.

“யாராவது என் பங்குக் கஞ்சியை எடுத்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ வந்து நிற்கிறது, அம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். கருமுகில் சிரிக்கவில்லை. “என்னுடையது எனக்குப் பிடித்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு அப்பால் போய் நின்றது.

வெள்ளம் வடிவதாகத் தெரியவில்லை. காத்தாயி எழுந்தாள். குடிசைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த பழைய பரிசலை இழுத்து வந்தாள்.

“அக்கா, வேண்டாம். போகாதே” என்றது கருமுகில்.

“காய்ச்சல்ல கிடக்கிறவங்க தண்ணி தெளியட்டும்னு காத்திருப்பாங்களா? நீ வர்றியா, சொல்லு.”

அது செம்மண் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கியது. நால்வரும் பரிசலில் ஏறினார்கள்.

பாதி ஆறு தாண்டியதும் பரிசல் சுழன்றது. நடு ஆற்றுப் பாறையில் மோதி அடிப்பக்கம் கிழிந்தது. எப்படியோ நால்வரும் பாறையில் தொற்றி ஏறிக்கொண்டார்கள். மருந்து மூட்டையைப் பாவா தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். பாறை முழுக்க வண்டல் சேறு. தண்ணீர் பாறையின் பாதிக்கு ஏறியது, பிறகு விளிம்பைத் தொட்டது. காத்தாயி கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கூப்பிடவில்லை.

அவள் கூப்பிடாததைத்தான் கருமுகிலால் தாங்க முடியவில்லை. “நான்...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. சொல்லி முடிப்பதற்குள் அதன் கால்கள் தண்ணீரில் இறங்கியிருந்தன.

கழுத்துவரை செம்மண் தண்ணீர். மரக்கிளைகள் விலாவில் வந்து மோதின. திணறித் திணறிப் பாறையை எட்டியது. ஆனால் இழுப்பில் பக்கவாட்டில் திரும்பி நிற்க முடியவில்லை. தலையைத்தான் பாறையோடு ஒட்டி நிறுத்த முடிந்தது. முதுகுக்குப் போக வேண்டுமென்றால் தலையை மிதித்துத்தான் போக வேண்டும்.

நால்வரும் தயங்கினார்கள்.

“ராசா... உன் தலை...” என்றாள் காத்தாயி.

“மிதி, அக்கா” என்றது கருமுகில். நெற்றி பாறைச் சேற்றில் படும்வரை தலையைத் தாழ்த்தியது.

அடியார் மிதித்து ஏறினார். பாவா ஏறினார். சுமேதர் ஏறினார். கடைசியாகக் காத்தாயி, அழுதுகொண்டே ஏறினாள். சேற்றுக் கால்களின் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக அதன் தலையில் பதிந்தது. நால்வரையும் சுமந்துகொண்டு கருமுகில் அக்கரை ஏறியது.

மருந்து போய்ச் சேர்ந்தது. நான்கு நாளில் காய்ச்சல் இறங்கி, ஊர்ச் சனங்கள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் நாள் கருமுகில் மூவரையும் கேட்டது: “அன்றைக்கு ஆற்றில் இறங்கியதிலிருந்து கரையேறும்வரை எனக்கு ‘நான்’ என்ற நினைப்பே வரவில்லை. அது எங்கே போயிருந்தது?”

“அருள் வந்தால் அப்படித்தான்” என்றார் தில்லைநாயகம்.

“குதிரை பழகிவிட்டது” என்றார் பாவா.

“எங்கே போயிருந்தது என்று கேட்டால், இருந்தது என்று ஆகிவிடுமே” என்றார் சுமேதர்.

மூவருக்கும் பேச்சு வளர்ந்தது. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்தார்கள்.

காத்தாயி மட்டும் நின்றாள். நாலு நாள் சேறு காய்ந்து யானையின் தலை வெடித்த வயல்போல இருந்தது. “வா ராசா, உனக்குத்தான் தூசியே ஆகாதே” என்று துறைக்கு அழைத்துப் போனாள். வைக்கோல் பிரியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள்.

கரையேறிய கருமுகில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது. ஏதோ குறைந்தது. அங்கே உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போய்விட்டதுபோல இருந்தது. காத்தாயி நின்ற இடத்துக்குப் போய், அவள் கால் பட்ட மண்ணைத் துதிக்கையால் வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டது.

“அடப்பாவி! இப்பத்தானே குளிப்பாட்டினேன்!” என்று கத்தினாள் காத்தாயி.

“நீ மிதிச்ச இடம் வெறுமையா இருந்துச்சு, அக்கா” என்றது கருமுகில்.

அவள் கையிலிருந்த வைக்கோல் பிரி நழுவி விழுந்தது. மண் உதிர்ந்துகொண்டிருந்த அந்த நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கருமுகில் அசையாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான், எத்தனை முறை தேய்த்துக் குளிப்பாட்டினாலும், கரையேறிய யானை முதல் வேலையாக மண்ணை வாரித் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.